பஞ்சவர்ணக்கிளிக்கு வேலை கொடுக்க வேண்டும்

"பேசுமா?" வீட்டுக்கு வருகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பேசும், இரண்டு மூன்று சொல், அதுவும் தனக்குத் தோன்றினால். நீலமும் மஞ்சளுமான பஞ்சவர்ணக்கிளி, வாலோடு சேர்த்து மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை ஒரு கிலோ அளவு. மாமா அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது, இங்கிருந்து வளர்ப்புப் பறவையை அந்த நாடு உள்ளே விடாது என்பதால், எங்களிடம் தந்துவிட்டுப் போனார். அதற்கு முன் நான் வளர்த்தது கோழி மட்டும்தான். கோழிக்குத் தீனியைப் போட்டால் தன்பாட்டில் திரியும். இது அப்படி இல்லை.

தென்னமெரிக்கக் காட்டில் இந்தச் சாதி பகலில் பெரும்பங்கை இரை தேடிப் பறப்பதிலும் கொட்டை உடைப்பதிலுமே கழிக்கும். நாம் கிண்ணத்தை நிரப்பி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தின்று முடித்துவிட்டு மிச்சப் பொழுதுக்கு என்ன செய்யும்? கத்தும். திருகோணமலை உட்துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கே கேட்கும்போல இருக்கும். இல்லாவிட்டால் தன் இறகைத் தானே பிடுங்கும், அது பழகிவிட்டால் நிறுத்துவது பெரும்பாடு. அதனால் எங்கள் வீட்டில் கிண்ணம் பேருக்குத்தான். கச்சானைப் பழைய பேப்பரில் சுருட்டி, தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்து, கூட்டின் மேலே கட்டிவிடுவேன், அதைப் பிரித்தெடுக்கவே ஒரு காலைப்பொழுது போய்விடும். உப்புவெளிப் பக்கம் கரையில் வாதுமைக்காய் விழுந்து கிடந்தால் பொறுக்கி, கழுவிக் கொடுப்பேன். நாம் கல்லால் குத்தி உடைப்பதைச் சொண்டாலேயே உடைத்துவிடும். கொஸ்தாரிக்காவில் சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிகளும் இதே மரத்துக் காயைத்தான் தேடித் தின்கின்றனவாம். கொய்யாக்கிளை வெட்டிப் போட்டால் பட்டையை உரித்து, கிளையையும் சிராயாக்கிவிடும். கிளை இல்லாத நாளில் கதிரைக்கால்!

சாப்பாட்டில் சூரியகாந்தி விதை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொழுப்பு கூடும், விட்டமின் ஏ கிடைக்காது. பூசணி, கரட், பப்பாசி, முருங்கையிலை எல்லாம் கொடுக்கலாம். கொச்சிக்காயைக் கூடக் கடித்துத் தின்னும், பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது, பார்க்கிற நமக்குத்தான் கண்ணீர் வரும். ஆனைக்கொய்யா, சொக்கலேட், கோப்பி வாயில் படவே கூடாது. மாரி காலத்தில் கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், அதில் உண்டாகும் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும்.

ஆனால் எனக்குப் பெரிய பயம் குசினிதான். நொன்ஸ்டிக் தாச்சி அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியாமலே பறவையின் நுரையீரலைப் பழுதாக்கிக் கொன்றுவிடும். அம்மாவிடம் சொன்னபோது, "கிளிக்காக நான் தாச்சியை மாற்ற வேண்டுமா?" என்றார். மாற்றினார், இப்போது தோசை இரும்புக்கல்லில்தான், அவருக்கே அது பிடித்தும்விட்டது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கிளி பின்னறைக்குப் போய்விடும். நுளம்புத்திரியும் வேண்டாம், வலை போதும்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் செட்டையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். நிழலுக்கு மாற்றித் தண்ணீர் தெளித்துவிட வேண்டும்.

நோய் வந்தால் பறவை முடிந்தவரை மறைக்கும். காட்டில் நோஞ்சான் என்று காட்டிக்கொண்டால் யாராவது பிடித்துத் தின்றுவிடுவார்களே! குசினித் தராசில் அடிக்கடி நிறுத்து எழுதி வையுங்கள், எடை இறங்குவதுதான் பெரும்பாலும் முதலில் தெரியும். இங்கே மிருக வைத்தியரிடம் வருவது அநேகமாக மாடும் ஆடும்தான், கிளியோடு போனால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் நம்மைத்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் பெரிய பிரச்சினை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது, ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போக வேண்டும்.

இன்னொன்று, நன்றாகப் பார்த்தால் இது ஐம்பது வருடம் கூட இருக்கும். நான் நாற்பதைத் தாண்டியவன். எனக்குப் பிறகு யார் என்று அக்காவின் மகளிடம் இப்போதே கேட்டு வைத்துவிட்டேன். அவள் உடனே சரி என்றாள். அக்கா இன்னும் சொல்லவில்லை.