ஒரே பெயர், ஒரே இனிஷியல்: கடன் அறிக்கைத் திருத்தம் பற்றிய நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்

வீட்டுக் கடன் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். நான் வாங்கியே இராத ஓர் இருசக்கர வாகனக் கடனில் தவணைகள் தவறியிருப்பதாகக் காரணம் சொன்னார்கள். நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருப்பதால், இரவே ஒன்றை இறக்கிப் பார்த்தேன். பான் எண்ணும் பிறந்த தேதியும் என்னுடையவை. ஆனால் முகவரிப் பகுதியில், நான் ஒருநாளும் குடியிருந்திராத எங்கள் பூர்வீக வீட்டின் கதவு எண் இருந்தது. அதைக் கண்டதும் யாருடைய கடன் என்பது விளங்கிவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

பெரியப்பா மகனுக்கும் எனக்கும் தாத்தாவின் பெயரைத்தான் வைத்தார்கள். எங்கள் தந்தையர் இருவரின் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இனிஷியலும் ஒன்றாகிவிட்டது. அண்ணனிடம் தொலைபேசியில் பேசினேன். “தம்பி, அந்த வண்டிக் கடனை எப்பவோ அடைச்சு, பாக்கி இல்லைன்னு என்.ஓ.சி.யும் வாங்கிட்டேனே” என்றார், சற்று மனம் நொந்து. அவர் சொன்னது உண்மைதான்: கணக்கு முடிக்கப்பட்டதாகவே அறிக்கையும் காட்டுகிறது. இடையில் சில மாதங்கள் மட்டும் தவணை எத்தனை நாள் தாமதம் என்று காட்டும் கட்டங்களில் 30, 60 என்று பதிவாகியுள்ளன. அவர் தவறாமல் கட்டிய மற்ற மாதங்களும் என் கணக்கில்தான் சேர்ந்திருக்கின்றன. தம் அறிக்கையில் அந்தக் கடனே இல்லை என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

இணையத்தில் புகார் பதிவு செய்தேன். நிலுவைத் தொகை தவறு என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் கடன் நம்முடையது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால், கணக்கின் உரிமையையே மறுத்தேன். புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதற்குள் கடன் கொடுத்தவர் பதில் தர 21 நாள் அவகாசம் உண்டு. 30 நாட்களைத் தாண்டி இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

மார்ச் 3, திங்கள்

“கடன் வழங்கிய நிறுவனம் விவரங்களை உறுதி செய்துள்ளது, மாற்றம் இல்லை” என்று பதில் வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இந்தப் பெயரில், இந்த முகவரியில் ஒரு கடன் இருந்ததா என்று பார்த்திருப்பார்கள், இருந்திருக்கும். வாங்கியவர் நான்தானா என்ற கேள்வியை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடன் தகவல் நிறுவனமோ, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் பதிவில் கைவைக்காது.

மார்ச் 6, வியாழன்

அண்ணனுடன் கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். தனியாகப் போயிருந்தால் அடுத்தவர் கணக்கைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லவும் கூடாது. கணக்கு அவருடையது என்பதால் அலுவலர் திரையைத் திருப்பிக் காட்டினார். பான் எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தது. விண்ணப்பத்தில் வயதை மட்டும் குறித்திருந்ததாலோ என்னவோ, பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தது. அடையாளம் காட்டக்கூடிய இரண்டும் இப்படி இருக்கையில், பெயரையும் இனிஷியலையும் வைத்துத்தான் கணினி என்னோடு பொருத்தியிருக்க வேண்டும். அண்ணன் தம்முடைய பான், ஆதார் நகல்களைக் கொடுத்துக் கே.ஒய்.சி. எனப்படும் அடையாள விவரங்களைப் புதுப்பித்தார், தந்தை பெயரை இனிஷியலாகச் சுருக்காமல் முழுமையாக எழுதச் சொன்னேன். கடன்தாரர் நான் அல்லன் என்று கடிதமும் கேட்டிருக்கிறேன். என் புகாரைவிட அவருடைய அந்த ஒரு படிவத்தைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன்.

மார்ச் 24, திங்கள்

கடிதம் வந்தது. கடன் நிறுவனங்கள் இப்போது மாதத்திற்கு இருமுறை தகவல் அனுப்ப வேண்டியிருப்பதால், திருத்தமும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கணக்கு என் அறிக்கையிலிருந்து நீங்கியிருக்கிறது. வீட்டுக் கடன் அலுவலருக்குப் புதிய அறிக்கையை அனுப்பினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்தியாவில் இத்தகைய நிறுவனங்கள் நான்கு இருப்பதால் மற்ற மூன்றின் அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் குழப்பம் இல்லை. மூன்றாவதில் கடன் நீங்கியிருந்தாலும், அண்ணன் அப்போது கடன் கேட்டதற்கான விசாரணைப் பதிவும் பூர்வீக வீட்டின் முகவரியும் அப்படியே இருக்கின்றன. முகவரியை விட்டுவைத்தால் நாளை அவருடைய வேறொரு கணக்கு மறுபடியும் என் தலையில் விழலாம். இரண்டையும் நீக்கக் கோரி, கடிதத்தின் நகலை இணைத்து இன்று விண்ணப்பித்தேன். அண்ணனின் அறிக்கையில் அவருடைய வண்டிக் கடன் ஏறிவிட்டது, தாமதங்களோடு சேர்த்து.