நாலு நூல் போல்ட்டில் ஒரு மரை வித்தியாசம்

பழைய இரும்புக்கடையில் வாங்கிய பிரிட்டிஷ் பில்லர் டிரில்லை (தூணில் நிற்கும் துளையிடும் இயந்திரம்) மூன்று ஞாயிறுகளாகப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். தூணை அடித்தட்டோடு பிடிக்கும் நான்கு போல்ட்டில் ஒன்று இல்லை. பக்கத்திலிருந்ததைக் கழற்றி வெர்னியரில் வைத்தேன்: 12.6 மி.மீ. அரை இஞ்ச், அதாவது நாலு நூல். இணையத்தில் அரை இஞ்ச் போல்ட் ஒன்றை வாங்கிவிட்டேன்.

முதல் சில சுற்று கையாலேயே ஏறியது. அப்புறம் இறுகியது. துருவாக இருக்கும் என்று எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றது. ஸ்பேனர் போட எடுத்துவிட்டு, ஏதோ உறுத்த, கீழே வைத்தேன். அழுத்தியிருந்தால் அடித்தட்டின் மரையே போயிருக்கும்.

பழையதையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு முனையில் பல்லும் பள்ளமும் கச்சிதமாகப் பொருந்தின. போகப்போக விலகி, நடுவில் பல் மேல் பல் ஏறி நின்றது. மரை நெருக்கத்தை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்தால் பழையது இஞ்சுக்கு 12 மரை, புதியது 13. முன்னது விட்வொர்த், ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை, பல்லின் கோணம் 55 டிகிரி. பின்னது அமெரிக்க வழி வந்த யு.என்.சி, 60 டிகிரி.

கால் இஞ்சில் இரண்டுக்கும் 20 மரை, மூணு நூலில் 16. அதனால்தான் அரை இஞ்ச் ஏமாற்றிவிடுகிறது. பெல்ட் மூடிக்குக் கால் இஞ்ச் யு.என்.சி ஸ்க்ரூ போட்டேன், ஏறியது. மூடிக்குச் சரி. ஆனால் கோணம் வேறு என்பதால் மரையின் பக்கங்கள் முழுதாக ஒட்டி உட்காராது. பாரம் தாங்கும் இடத்தில் நான் போடமாட்டேன்.

ஸ்பேனரும் தனிக்கதை. விட்வொர்த் ஸ்பேனரில் 1/2 என்று இருந்தால் அது போல்ட்டின் அளவு, வாயின் அளவு அல்ல. வாய் 0.92 இஞ்ச், 23.4 மி.மீ. என்னிடமிருந்த 24 ஸ்பேனர் ஆடியது, 23 நுழையவில்லை.

நேற்றுப் பழைய போல்ட்டையே எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு நட்டை அதில் ஓட்டிப் பார்த்து, "விட்வொர்த்து தம்பி, நீளம் எவ்வளவு?" என்றார். வீட்டில் கடைசி மரை வரை விரலாலேயே இறங்கியது.

மோட்டார் மட்டும் புதிது, அதன் போல்ட்டெல்லாம் எம்8, அதாவது 8 மி.மீ. மெட்ரிக். மெட்ரிக் தலைகளுக்கு நீலப் பெயின்ட் வைத்துவிட்டேன்.