பேடில்போர்டில் ஆற்றோடு ஒரு பகல்

பேடில்போர்டு என்பது மேலே நின்றுகொண்டு துடுப்புப் போட்டுப் போகிற நீளமான மிதவைப் பலகை. அதில் ஆற்றோடு போவதென்றால், தண்ணீரில் இறங்கும் இடத்தைவிட, கரையேறும் இடத்தைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீரில் நின்று பார்த்தால் கரை முழுக்க ஒரே பச்சை. எந்தப் புதருக்குப் பின்னால் வண்டி நிற்கிறது என்று தெரியாது. அங்கே கிளையில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டி, ஒரு வண்டியையும் நிறுத்திவிட்டு, இன்னொரு வண்டியில் ஆற்றின் மேல்பக்கம், இறங்கும் இடத்துக்குப் போவது வழக்கம். கீழே நிற்கும் வண்டியின் சாவியை மேலே நிற்கும் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இறங்குவதும் கிட்டத்தட்ட வழக்கம்தான்.

நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 4, 5 கி.மீ. போகலாம். ஆற்றின் ஓட்டம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், எதிர்காற்று அதைப் பிடுங்கிக்கொள்ளும். நின்று நின்று போகிற பயணத்துக்கு 10 முதல் 12 கி.மீ. தாராளம். முந்தின நாள் மேலே மழை பெய்து தண்ணீர் கலங்கி வந்தால் அன்றைக்குப் போக வேண்டாம்.

காற்றடிக்கும் போர்டுக்கு 12 முதல் 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வேண்டும், போர்டிலேயே அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. பம்பில் அழுத்தம் காட்டும் முள் வெகுநேரம் அசையாது. போர்டு முழு உருவத்துக்கு வந்த பிறகுதான் அழுத்தம் ஏறும், கடைசிச் சில நிமிடங்கள்தான் உண்மையான வேலை. சோம்பலில் 8-இல் நிறுத்தினால் காலடியில் நடுப்பகுதி தொய்ந்து, போர்டு ஆடிக்கொண்டே இருக்கும். அடிக்கும் முன் வால்வின் நடு ஊசி மேலே எழும்பி இருக்கிறதா என்று பாருங்கள். அமுங்கியிருந்தால் குழாயைக் கழற்றிய நொடியில் உழைப்பெல்லாம் புஸ்ஸென்று போய்விடும்.

போர்டின் அடியில், வால்பக்கம் மாட்டும் மீன் துடுப்பு போன்ற தகடுதான் ஃபின். ஏரிக்குப் போடும் 9 அங்குல ஃபின் ஆற்றுக்கு ஆகாது. அது கல்லில் இடித்தால் போர்டு நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். 4 அங்குல வளையும் ஃபின் போதும். ஆழம் குறைகிற இடத்தில் ஓரடி முன்னால் நகர்ந்தால் வால்பக்கம் உயர்ந்து ஃபின் தரை தட்டாமல் தப்பும். அதற்கும் குறைந்தால் முட்டி போட்டுவிடுங்கள்.

ஆளைப் போர்டோடு பிணைக்கும் கயிறான லீஷ் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. ஓடும் தண்ணீரில் கணுக்காலில் கட்டுவது ஆபத்து. கயிறு முங்கிய கிளையில் மாட்டினால் ஓட்டம் ஆளைத் தலைகுப்புற அமுக்கும், அந்த நிலையில் கைக்குக் கணுக்கால் எட்டாது. இடுப்பு பெல்ட்டில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகைதான் வேண்டும். கழற்ற இழுக்கும் பிடி லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் மறையாமல் இருக்கட்டும்.

துடுப்பு உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 செ.மீ. நீளம். தண்ணீரைத் தள்ளும் அகன்ற பகுதியான அலகின் சாய்வு முன்பக்கம் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் திருப்பித்தான் பிடிப்பார்கள்.

வளைவுகளில் ஓட்டம் வெளிப்பக்கம் இழுக்கும். ஆழமும் அங்கேதான், கரை அரித்து விழுந்த மரங்களும் அங்கேதான். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். அதனால் வளைவு தொடங்கும் முன்பே உள்பக்கம் ஒதுங்குங்கள். மணல் தட்டினால் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம். எதிரே ஆறு ஒரு கோடாக முடிந்து, இரைச்சல் மட்டும் கேட்டால் அது தடுப்பணை. சின்னதாகத் தெரிந்தாலும் அடியில் சுழலும் தண்ணீர் ஆளை விடாது. வெகு முன்பாகவே கரையேறி, போர்டைச் சுமந்து தாண்டுங்கள்.

விழுந்தால் உடம்பைப் பரப்பித் தட்டையாக விழுங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்கப் பார்த்தால் கால் கல்லிடுக்கில் சிக்கும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தபடி கரைக்கு ஒதுங்குவதே சரி.

சாப்பிட நிறுத்தும்போது போர்டை நிழலில் போடுங்கள். நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். வெயிலில் அழுத்தம் ஏறி ஒட்டிய இணைப்புகள் பிரியக்கூடும். கரையேறும் இடம் நெருங்கியதும் போர்டின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி ஒதுங்கினால் போர்டு அடங்கி நிற்கும். மடித்துக் கொண்டுபோனதை அன்றே விரித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.