14ஆம் கட்டில்

நவம்பர் 14, 2024, வியாழன்

பாம்பன் புதுப் பாலத்தில் இன்று ரயிலை வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் ஹாஸ்டல் மாடிக்கு ஓடினோம். என் பக்கத்துக் கட்டில்காரி, 14ஆம் கட்டில், அவள் மட்டும் வரவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து பாலம், பாலம் என்றே இருப்பவள். முதல் ரயிலில் ஏறிப் பாம்பனில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போவேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திரும்பி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

நவம்பர் 15, வெள்ளி

காய்ச்சல் விடவில்லை. ராத்திரி தண்ணீர் கேட்டாள். என் டம்ளரிலேயே கொடுத்தேன். மிச்சத்தை நானும் குடித்தேன்.

நவம்பர் 16, சனி

அம்மை. காலையில் முகம் கழுவும்போது அவள் கழுத்தில் மூன்று இருந்தது. பத்து மணிக்குள் முதுகெல்லாம் வந்துவிட்டது. வார்டன் சிஸ்டர் அவளைக் கடல் பக்கத்துச் சிக் ரூமுக்குக் கூட்டிப் போனார். சமையல்கார அக்கா வாசலில் வேப்பிலை செருகினார். 14ஆம் கட்டிலின் பாயைச் சுருட்டி வெயிலில் போட்டார்கள். அந்த வெறும் பலகையைப் பார்த்தபடிதான் நான் படுக்க வேண்டும்.

அவளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அக்கா பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து 12 நாள்தான் ஆகிறது. பச்சைக் குழந்தைக்கு இது வந்தால் தாங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். மதியம் அவள் அம்மா பஸ்ஸில் வந்தார். சிக் ரூம் வாசல்படியிலேயே நின்று பேசிவிட்டு, உள்ளே கால் வைக்காமல் திரும்பிப் போனார். கேட் வரை போய் மறுபடியும் வந்தார். அப்புறம் போனார்.

நவம்பர் 17, ஞாயிறு

போன் நாள். ஆளுக்கு 3 நிமிடம்.

சிஸ்டர் நேற்றே சொல்லிவிட்டார்: ஏற்கெனவே அம்மை போட்டவர்கள் வேண்டுமானால் உள்ளே போய்ச் சாப்பாடு கொடுக்கலாம், மற்றவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அதனால் அம்மாவிடம் முதல் கேள்வியே அதுதான்.

"எனக்கு அம்மை போட்டிருக்காம்மா?"

"எதுக்குடி கேக்குற? ஒடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. போட்டிருக்கா, இல்லையா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "போட்டுச்சுன்னுதான் நெனக்கிறேன். இல்ல, அது அண்ணனுக்கோ? உங்கள்ல ஒருத்தருக்கு வந்துச்சு" என்றாள். அந்த வருஷம் அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தாராம். அம்மா விடிகாலையில் களை எடுக்கப் போனால் இருட்டித்தான் வருவாளாம். அப்பத்தாதான் பார்த்துக்கொண்டதாம். அப்பத்தா இப்போது தேவகோட்டையில் அத்தை வீட்டில் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பின்னால் நின்ற பிள்ளை தோளைத் தட்டிவிட்டாள், 3 நிமிடம் முடிந்தது.

எந்தப் பிள்ளைக்கு என்று ஒரு அம்மாவுக்கு மறந்துபோகுமா? ஸ்டடி ஹாலில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபம்தான். பிறகு, விடிகாலையில் தூக்குச் சட்டியோடு வரப்பில் போகிற அம்மாவை நினைத்தேன். இரண்டு பிள்ளைகளும் தூங்கும்போது கிளம்பி, தூங்கிய பிறகு வருகிறவளுக்கு எந்த முகத்தில் முத்து இருந்தது என்று எப்படித் தெரியும்? சிம்னி வெளிச்சத்தில் பார்த்திருப்பாள். கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பதில் எனக்கு இன்னும் வேண்டும்.

ராத்திரி பாத்ரூமில் டார்ச் அடித்து உடம்பு முழுக்கத் தேடினேன். இடது கையில் தடுப்பூசித் தழும்பு. முழங்காலில் சைக்கிள் தழும்பு. இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னப் பள்ளம், ஒரு கடுகு உட்காரும். விரல் நுனியால் தடவினால் தெரிகிறது, கண்ணாடியில் தெரியவில்லை. அது முத்து இறங்கிய தடமா, விழுந்து அடிபட்டதா? இத்தனை வருடம் என் முகத்திலேயே இருக்கிறது, ஒரு நாளும் நான் யாரையும் கேட்டதில்லை.

நவம்பர் 18, திங்கள்

அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 9இல் ஆரம்பம். அவளுக்கு வேதியியலில்தான் பயம். சிஸ்டரிடம் கெஞ்சி ஒரு அனுமதி வாங்கினேன்: வெளியே நின்று பாடம் வாசிக்கலாம், ஜன்னலுக்கு 20 அடி தள்ளி.

முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று மின்வேதியியல் வாசித்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவள் ஜன்னலில் காதுக்குப் பின்னால் கை வைத்துக் காட்டினாள். கேட்கவே இல்லை. வாடைக் காற்று வடகடலிலிருந்து வந்து என் குரலை வாங்கித் தென்கடல் பக்கம் கொண்டுபோய்விடுகிறது.

நவம்பர் 19, செவ்வாய்

வாட்ச்மேன் தாத்தாதான் வழி சொன்னார். "காத்துக்கு மேல நில்லு தாயி, கீழ நிக்காத." கரையில் நிற்பவர்கள் வள்ளத்தில் இருப்பவர்களைக் கூப்பிட அப்படித்தான் நிற்பார்களாம்.

அறையைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். கடலுக்கு முதுகைக் காட்டி, மதில் ஓரம் நின்று, வடக்கு ஜன்னலைப் பார்த்து வாசித்தேன். கத்தவே தேவையில்லை. காற்றே எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுக்கிறது. என் வாயெல்லாம் மணல், பக்கம் புரட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் பேசுவது மட்டும் எனக்கு எட்டவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினாள்: மறுபடியும் முதலிலிருந்து.

ஃபாரடேயின் முதல் விதி முடிந்து, இரண்டாவதில் பாதியில் மணி அடித்துவிட்டது.

முகத்தில் நிறைய இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

நவம்பர் 20, புதன்

இப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் ஒரு கார்த்திகை மாதம் முழுக்கப் பெய்கிறது இன்று ஒரு பகலில் கொட்டியது என்றுதான் தோன்றுகிறது. முதலில் கடல் மறைந்தது, அப்புறம் மதில், அப்புறம் வேப்பமரம். டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டே இருந்தார், ஓட்டுச் சத்தத்தில் ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. மதியம் முற்றம் குளமாகிவிட்டது. செருப்புகள் மிதந்து போயின. கரண்ட் இல்லை.

சிக் ரூம் பள்ளத்தில் இருக்கிறது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வராந்தாவில் வந்து நின்று கேட்டார்: "அங்க கட்டில் கால் முங்கிருச்சு. அவளை விசிட்டர் ரூமுக்குத் தூக்கணும். யாருக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு?"

மூன்று கைகள் உயர்ந்தன. நாலாவது என்னுடையது.

யோசிக்கவே இல்லை. புருவத்து மேல் இருக்கும் அந்தப் பள்ளத்தை மட்டும் ஒரு தடவை தொட்டுக்கொண்டேன்.

முழங்கால் தண்ணீரில் போனோம். அவள் கட்டிலில் குந்தி உட்கார்ந்து, என்னுடைய வேதியியல் நோட்டை மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நீ ஏன் வந்த? ஒனக்குப் போட்டிருக்கா?" என்று கத்தினாள். பதில் சொல்லாமல் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டேன். இன்னொருத்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது. நெருப்பாகச் சுட்டது. இமை மேல் ஒரு முத்து, தண்ணீர் கோத்து, உடையாமல் இருந்தது. நடக்கும்போது அதையே பார்த்துக்கொண்டு வந்தேன், என் தோளில் உரசி உடைந்துவிடக் கூடாதே என்று.

நவம்பர் 21, வியாழன்

மேகவெடிப்பு என்கிறார்கள். ராமேஸ்வரத்தில் மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல். பாயெல்லாம் ஈரம். சோப்புப் போட்டு மூன்று தடவை குளித்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

நர்ஸ் வந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். ஒருத்தரிடமிருந்து தொற்றினால் 10ஆம் நாளிலிருந்து 21ஆம் நாளுக்குள் வருமாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கணக்கு எழுதி வைத்தேன். டம்ளர் கணக்கு: நவம்பர் 15இலிருந்து, டிசம்பர் 6 வரை. மழைக் கணக்கு: நவம்பர் 20இலிருந்து, டிசம்பர் 11 வரை. இரண்டாவது கணக்கு தேர்வுக்குள் போகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மா அப்பத்தாவுக்குப் போன் போட்டாளாம். போனில் அப்பத்தாவுக்குக் காது சரியாகக் கேட்காது. "அம்மை" என்ற ஒரு சொல்தான் விழுந்திருக்கிறது. யாருக்கு, எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டதாம். அத்தை போனை வாங்கி வைத்துவிட்டாள். டிசம்பர் முதல் வாரத்தில் ஊருக்கு வந்துவிடும், நேரிலேயே கேட்கிறேன் என்றாள் அம்மா. நான் அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவனுக்கு அப்ப மூணு வயசுடி."

அப்படியானால் எனக்கு ஒன்றரை.

நவம்பர் 25, திங்கள்

வாசிக்கவில்லை. விசிட்டர் அறை ஜன்னலை மூடியே வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 27, புதன்

தண்ணீர் ஊற்றினார்கள். சமையல்கார அக்கா அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்து, தானே ஊற்றினார். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, அண்டாவை நகர்த்த ஒரு கை பிடித்தார். பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது.

சாயங்காலம் 14ஆம் கட்டிலுக்கு அவள் வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். ஒன்றும் பேசாமல் பாயை விரித்தாள், தலையணையைத் தட்டினாள், உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டாம் விதியப் பாதியில விட்டுட்டுப் போயிட்ட" என்றாள்.

எல்லாமே கேட்டிருக்கிறது.

விளக்கு அணைத்த பிறகு என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்து, எத்தனை பள்ளம் என்று எண்ணச் சொன்னாள். எண்ணினேன். ஏழு. ஐந்து என்று சொன்னேன்.

நவம்பர் 28, வியாழன்

ஏழு என்று அவளுக்குத் தெரியும். அவளும் எண்ணியிருக்கிறாள்.

நவம்பர் 29, வெள்ளி

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளைகள் 11 பேர் எங்கள் வரிசையிலேயே படுக்கிறார்கள். 10ஆம் நாள் நெருங்க நெருங்க என்னால் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து நகர்ந்து, நேற்று ஆறாம் வகுப்புப் பிள்ளை "அக்கா என் மேல கோவமா" என்று கேட்டுவிட்டாள்.

சிஸ்டர் கடைசிவரை கேட்டார். திட்டுவார் என்று நின்றேன். "அவ பக்கத்துக் கட்டில்ல படுத்தவ நீ. தொத்தணும்னா மழைக்கு முன்னாடியே தொத்தியிருக்கும்" என்றார். அப்புறம் எழுந்து வந்து, என் கட்டிலின் ஒரு முனையை அவரே பிடித்தார். கதவோரமாக நகர்த்தினோம். இப்போது எனக்கும் 14ஆம் கட்டிலுக்கும் நடுவில் ஆறு கட்டில்கள்.

தினமும் காலையில் கழுத்தைக் காட்ட வேண்டும்.

நவம்பர் 30, சனி

புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறுகிறதாம். இங்கே வடகடல் இரைச்சல் மட்டும் வருகிறது. ஜன்னலுக்கு அட்டை வைத்துவிட்டுப் படித்தோம்.

டிசம்பர் 1, ஞாயிறு

வீட்டில் போன் எடுக்கவில்லை. மூன்று நிமிடமும் மணி அடித்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

தலைவலி. காய்ச்சல் இல்லை. தலைவலிதான் முதலில் வரும் என்று சொல்வார்கள். அவளுக்கு முதலில் முதுகுதானே வலித்தது? கேட்டேன். ஞாபகம் இல்லை என்கிறாள். இவர்களுக்கெல்லாம் எப்படி மறக்கிறது?

டிசம்பர் 4, புதன்

தலைவலி இல்லை. ராத்திரியெல்லாம் படித்ததால் வந்திருக்கும்.

டிசம்பர் 6, வெள்ளி

டம்ளர் கணக்கு முடிந்தது. சிஸ்டர் கழுத்தைப் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தட்டினார். இன்னும் மழைக் கணக்கு இருக்கிறது.

அவள் அம்மா வந்தார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. முகம் இன்னும் பார்க்கவில்லை என்று இவள் அழுதாள். செல்லில் எடுத்த போட்டோவைக் காட்டினார். கண்ணை மூடித் தூங்குகிறது, நெற்றி வழவழவென்று இருக்கிறது. அவள் அந்தப் போட்டோவின் நெற்றியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள், படம் நகர்ந்து நகர்ந்து போனது.

டிசம்பர் 7, சனி

அப்பத்தா இன்று ஊருக்கு வந்திருக்கும். மின்வேதியியல் முழுக்க முடித்தோம். தூரத்தில் உட்கார்ந்துதான், நான் கதவோரம், அவள் அவள் கட்டிலில். இரண்டாம் விதியை அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

நாளைக்குத் தமிழ்த் தேர்வு. புத்தகத்தோடு போன் வரிசையில் நிற்கிறேன். காலையில் சிஸ்டர் கழுத்தைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. அவளும் என்கூட நிற்கிறாள், அவளுக்குப் பேச வேண்டிய நாள் இல்லாவிட்டாலும். அப்பத்தாவிடம் சத்தமாகக் கேள், ஒவ்வொரு சொல்லாகக் கேள் என்கிறாள். காற்றுக்கு மேல நின்னு கேளு என்கிறாள்.

எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.