படுத்தால் கூடும் முதுகுவலி

12 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். முதுகுவலி என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது "ராத்திரி எப்படி இருக்கு?" என்றுதான். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு அம்மாவால் வந்தது.

58 வயது, சர்க்கரை உண்டு. வலி தொடங்கிய வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் தேய்மானம் மட்டும்தான், காய்ச்சலும் இல்லை. நானும் ஒத்தடம், ஐ.எஃப்.டி. என்ற மின்சிகிச்சை, லேசான பயிற்சி என்று ஆரம்பித்துவிட்டேன். நான்காம் நாள் கட்டிலில் புரள முடியாமல் அழுதார். "படுத்தாத்தான் தம்பி உயிர் போகுது, ராத்திரி பூரா உக்காந்தே இருக்கேன்." தேய்மான வலி என்றால் படுத்ததும் கொஞ்சமாவது அடங்க வேண்டுமே! அப்புறம்தான் துருவிக் கேட்டேன். ஒன்றரை மாதம் முன்பு காலில் புண் வந்து, சீழ் வைத்து, ஆறியிருக்கிறது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது, அந்த நான்கு நாள் இன்னும் மனதை உறுத்துகிறது.

உடனே பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் இரண்டுமே எகிறியிருந்தன. எம்.ஆர்.ஐ.யில் இடுப்புப் பகுதி டிஸ்க் ஒன்றில், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டில், கிருமித்தொற்று. பெரியவர்களின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் ரத்தத்தில் வரும் கிருமி பக்கத்து எலும்பின் விளிம்பில் தங்கி அங்கிருந்துதான் டிஸ்க்கை அரிக்கிறது. எக்ஸ்ரேயில் இது தெரிய வாரக்கணக்காகும். காய்ச்சல் பலருக்கு வருவதே இல்லை.

அந்த மருத்துவர் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுக்கச் சொன்னார். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி எதுவென்று பிடிபடாமல் போகலாம், நம் ஊரில் டிபியும் இதே போல முதுகெலும்பில் வரும், வைத்தியமோ முற்றிலும் வேறு. இவருக்கு வளர்ந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. 6 வாரம் ஆன்டிபயாடிக் போனது. டிபியாக இருந்திருந்தால் ஒரு வருடம்போல மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து இடுப்பில் பெல்ட்டோடு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதை மட்டும் ஐந்து முறை செய்யவைத்தேன். "இப்ப ராத்திரி எப்படிம்மா?" என்றேன்.

"நேத்து விடிஞ்சதே தெரியல தம்பி."