அம்மா சாப்பிட்ட காளானின் விலை

பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர் ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொன்னார்: "சாப்பாடு எல்லாம் உட்பட." சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் பூக்கெட்டையும் பார்த்துவிட்டு, மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்கும் நான்கு இரவுக் கப்பல் பயணம் அது. என் கணவர், நான், 73 வயதான அம்மா, 14 வயது மகன், 9 வயது மகள் என நாங்கள் ஐவர். மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் குடியிருப்பவர்கள் பினாங்கைப் பார்ப்பதற்காகச் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பலேறியதைப் பற்றி உறவினர்கள் செய்த கேலியை நான் இங்கே எழுதப்போவதில்லை. கப்பல் நிறுவனத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலான கப்பல்களில் இன்று நடைமுறையாகிவிட்ட ஒரு கணக்கைப் பற்றியே எழுதுகிறேன். தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவள் என்பதால், பில்லைப் படிக்காமல் என்னால் தூங்க முடிவதில்லை.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தில் அடங்கிய சாப்பாடு நன்றாகவே இருந்தது. மேல்தளத்தில் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பெரிய உணவகமும், கீழ்த்தளத்தில் மேசையில் அமரவைத்துப் பரிமாறும் சாப்பாட்டு மண்டபமும் இருந்தன. காலைப் பசியாறலுக்கு இட்லி வந்தது. சாம்பார் கொஞ்சம் இனித்தாலும் சாம்பாராகத்தான் இருந்தது. சைவ உணவு வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தபடியால், அம்மாவுக்கு இரவில் பருப்பும் காய்கறியும் தயிரும் தனியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நான்கு நாளும் அந்த இரண்டு இடங்களில் மட்டும் சாப்பிட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் முதல் நாள் மாலையிலேயே, மின்தூக்கிக்கு வெளியே நின்ற இளைஞர் ஒருவர் என் மகனிடம் வண்ண அட்டை ஒன்றைக் கொடுத்தார். அது ஸ்டீம்போட் உணவகத்தின் அட்டை. கொதிக்கும் சாற்றுச் சட்டியை மேசையில் வைத்து, நாமே வேகவைத்துச் சாப்பிடும் உணவு அது. கப்பலுக்குள்ளேயே ஸ்டீம்போட் என்று மகன் இரண்டு முறை சொல்லிச் சிரித்துவிட்டு, போயே தீர வேண்டும் என்றான். பெரியவர்களுக்குத் தலைக்கு 38 அமெரிக்க டாலர், சிறுவர்களுக்கு 12 டாலர். சரி, ஒரு நாள்தானே என்று போனோம்.

அங்கே உட்கார்ந்த பிறகுதான், 13 வயதைத் தாண்டியவர் அந்த உணவகத்தின் கணக்கில் பெரியவர் என்று தெரிந்தது. ஆகவே நான்கு பெரியவர், ஒரு சிறுமி. நண்டும் இறாலும் மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சியும் தட்டுத் தட்டாக வந்தன. மாட்டிறைச்சி எங்களுக்கு ஆகாது என்று அதைத் திருப்பி அனுப்பினோம். அம்மாவுக்கென்று தனியாக ஒரு சிறிய சட்டி வைத்தார்கள். அதில் அவர் வேகவைத்துச் சாப்பிட்டவை நான்கைந்து காளான், இரண்டு துண்டு டோஃபு, ஒரு பிடி கங்கோங் கீரை. சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சட்டிக்கும் 38 டாலர், அதற்கு மேல் 18 விழுக்காடு சேவைக் கட்டணம். ஆக மொத்தம் 44 டாலர் 84 காசு. அன்றைய மாற்று விகிதத்தில், டாலருக்கு 4 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) 20 காசு என்று வைத்தால், 188 வெள்ளி.

தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் முறையின் அநியாயம் சைவம் சாப்பிடுகிறவர் உள்ள குடும்பத்துக்குத்தான் சட்டென்று உறைக்கும். ஒருவர் இரண்டு நண்டைக் காலி செய்கிறார். பக்கத்தில் இருப்பவர் கீரை மெல்லுகிறார். இருவருக்கும் ஒரே விலை. நம் ஊரின் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில் இது செல்லாது. வாழை இலைச் சாப்பாட்டில் சோறு, கூட்டு, பொரியல், ரசம், மோர் எல்லாம் ஒரு விலை. ஆட்டிறைச்சிப் பிரட்டல் வேண்டுமென்றால் அது தனி. சோற்றின் மேல் கறிகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் கணக்குப் போடுகிறவர் நம் தட்டை ஒரு பார்வை பார்த்துத்தான் தொகையைச் சொல்கிறார். அந்தத் தொகையில் நமக்குச் சந்தேகம் வருவதுண்டு என்றாலும், அவர் பார்ப்பது நம் தட்டைத்தான், தலையை அன்று.

கப்பலில் தனிக் காசுக்குத் தனிச் சாப்பாடு என்பது புதிய வழக்கமும் அன்று. ஜெர்மனியின் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனம் 1905-இல் தன் 'அமெரிக்கா' என்னும் கப்பலில் ரிட்ஸ் கார்ல்டன் பெயரில் ஓர் உணவகத்தைத் திறந்தது. வேண்டியதைக் கேட்டு வாங்கி, வாங்கியதற்குக் காசு கொடுக்க வேண்டும். 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் முதல் வகுப்பினருக்கு அப்படியொரு உணவகம் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் காட்டி என்னும் இத்தாலியர். அதில் என்னை வியக்க வைத்த செய்தி வேறு. வழக்கமான சாப்பாட்டு மண்டபமே வேண்டாம், எல்லா வேளையும் அந்த உணவகத்திலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று பயணச்சீட்டு வாங்கும்போதே சொல்லிவிட்டால், கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்தார்கள். சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு வாங்குவது முறையல்ல என்பது அன்றைய முதலாளிகளுக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் ஸ்டீம்போட் சாப்பிட்ட இரவில் கீழ்த்தள மண்டபத்தில் எங்கள் மேசையின் ஐந்து நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. அந்த வேளைக்கும் நாங்கள் பயணக் கட்டணத்தில் காசு கொடுத்திருந்தோம். அதை யாரும் கழிக்கவில்லை.

இன்றைய முறை பரவியதில் நம் நாட்டு முதலீட்டுக்கும் பங்குண்டு. கெந்திங் குழுமம் 1993-இல் தொடங்கிய ஸ்டார் குரூசஸ் கப்பல் நிறுவனம், 2000-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனத்தை வாங்கியது. குறித்த நேரம், குறித்த மேசை என்ற கட்டுப்பாடு இல்லாமல், பல உணவகங்களில் விருப்பம்போல் சாப்பிடலாம் என்ற முறையை நார்வீஜியன் பெரிய அளவில் விளம்பரப்படுத்தியதும் அந்த ஆண்டில்தான். உணவகங்கள் பெருகின, பெருகியவற்றில் பல காசுக்கானவை ஆயின.

தனி உணவகத்தில் தனிக் காசு வாங்குவதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். வாசலிலேயே விலை எழுதியிருக்கிறது, வேண்டாதவர் போக வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வருவது, இலவசப் பந்திக்குள்ளேயே காசு நுழைவதைக் கண்டுதான். கார்னிவல் கப்பல் நிறுவனம் 2022-இன் கடைசியில், சாப்பாட்டு மண்டபத்தில் மூன்றாவது முதன்மை உணவு கேட்பவரிடம் 5 டாலர் வாங்கத் தொடங்கியது. ராயல் கரீபியன் 2017-இல், அதுவரை பெரும்பாலும் இலவசமாக இருந்த அறைக்குச் சாப்பாடு கொண்டுவரும் சேவைக்கு 7 டாலர் 95 காசு என்று விலை வைத்தது. தொகை சிறியதுதான். ஆனால் "உட்பட" என்ற சொல்லுக்குள் அடங்கியிருந்த ஒன்றை மெல்ல வெளியே எடுத்து வைத்து, அதன் மேல் விலைச்சீட்டு ஒட்டுகிறார்கள். பந்தியில் இலை போட்டுவிட்டு, இரண்டாம் முறை அப்பளம் கேட்டவரிடம் காசு கேட்டால் எப்படி இருக்கும்?

எங்கள் கப்பலில் இது ஐஸ்கிரீமாக வந்தது. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இடப்புறம் ஒரு எந்திரம். பிடியை இழுத்தால் வெண்ணிலா வரும், காசில்லை. அதிலிருந்து பத்தடி தள்ளி வலப்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் பன்னிரண்டு நிறத்தில் ஐஸ்கிரீம், ஒரு கரண்டி நாலரை டாலர். இரண்டுக்கும் ஒரே நிறக் குடை, ஒரே சீருடை போட்ட ஆள்கள். கண்ணாடிப் பெட்டியின் விலை, என் இடுப்பு உயரத்தில், கோப்பைகளுக்குப் பின்னால் சிறிய எழுத்தில் இருந்தது. என் மகள் தன் அறை அட்டையை நீட்டினாள், அவர்கள் அதைக் கருவியில் தட்டினார்கள், அவள் ஐஸ்கிரீமோடு வந்தாள். எந்திரத்து ஐஸ்கிரீம் என்றே நான் நினைத்திருந்தேன். கடைசி இரவில் பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஏழு முறை தட்டியிருக்கிறாள் என்று.

இந்த அட்டைதான் எல்லாவற்றுக்கும் மூலம். கப்பலேறும்போதே நம் கடனட்டையை அதனோடு இணைத்துவிடுகிறார்கள். அறைக் கதவு திறப்பதும் அதனால்தான், துறைமுகத்தில் இறங்கி ஏறுவதும் அதனால்தான், காசு கொடுப்பதும் அதனால்தான். ஆகவே அதை நீட்டும்போது செலவு செய்கிறோம் என்ற உணர்வே வருவதில்லை. தாளை எண்ணிக் கொடுக்கும் கையில் ஒரு தயக்கம் இருக்கும். அட்டை தட்டும் கையில் அது இல்லை. ஒன்பது வயதுக் குழந்தையின் அட்டைக்கும் அந்த அதிகாரம் உண்டு என்பதையும், வரவேற்பு மேசையில் கேட்டால் அதை நிறுத்திவைப்பார்கள் என்பதையும் இறங்குவதற்கு முந்தின நாள் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதில் பெரிய மர்மமில்லை. கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரு பெரும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டிலிருந்து வருவதில்லை. மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, தனிச் சாப்பாடு போன்ற செலவுகளிலிருந்து வருகிறது. சீட்டின் விலையைக் குறைத்துக் காட்டினால்தான் முகவரின் சுவரொட்டியில் எடுபடும். குறைத்ததைக் கப்பலுக்குள் எடுத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் பக்கத்துக் கடைக்கு யாரும் போக முடியாது அல்லவா?

எங்களால் ஒரு நாள் போக முடிந்தது. கப்பலேறிய மறுநாள் நண்பகல் தாண்டிக் கப்பல் பினாங்கின் சுவெட்டன்ஹம் துறையில் நின்றது. மேல்தளத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் எங்கள் பட்டர்வொர்த். "படகேறி வீட்டுக்குப் போய் ஒரு ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாமே" என்றார் அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவரைச் சமாதானப்படுத்தி, மெல்ல நடந்து லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனோம். சைவ இலைச் சாப்பாடு 10 வெள்ளி. இரண்டாம் முறை ரசம் கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். பரிமாறிய தம்பி முகம் சுளிக்காமல் ஊற்றினார். கப்பலில் எங்களுக்காக ஏற்கெனவே காசு கட்டிய மதியச் சாப்பாடு காத்துக்கொண்டிருக்க, கரையில் நாங்கள் காசு கொடுத்துச் சாப்பிட்டோம் என்ற கணக்கு எனக்கு உறுத்தியது, அம்மாவுக்கு உறுத்தவில்லை.

எங்களைப் பார்க்க அங்கே வந்த அண்ணி, வீட்டில் போட்ட எலுமிச்சை ஊறுகாயை ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார். திரும்ப ஏறும்போது சோதனை மேசையில் அதை எடுத்து வைத்துவிட்டார்கள். கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத முறுக்குப் பொட்டலம் போகலாம். வீட்டில் செய்தது போகாது. நோய் பரவாமலிருக்க என்று காரணம் சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் போத்தல் தொட்டியில் விழுந்த சத்தம் அம்மாவின் முகத்தில் நெடுநேரம் இருந்தது.

கடைசி இரவில் வரவேற்பு மேசைக்குப் பில்லோடு போனேன். உணவு வகையில் மட்டும் 259 டாலர், அதாவது ஏறக்குறைய 1,090 வெள்ளி: ஸ்டீம்போட், ஐஸ்கிரீம், கணவர் குடித்த நான்கு எஸ்பிரசோ, மகன் நள்ளிரவில் அறைக்கு வரவழைத்த உருளைக்கிழங்குப் பொரியல். இவற்றில் ஒவ்வொன்றின் மேலும் 18 விழுக்காடு. இதைத் தவிரத் தலைக்கு நாளொன்றுக்கு 16 டாலர் ஊழியர் அன்பளிப்பு வேறு. தினசரி அன்பளிப்பே ஊழியர்களுக்கு என்றால், இந்த 18 விழுக்காடு யாருக்கு என்று கேட்டேன். மேசையிலிருந்த பெண் பொறுமையாக, அதுவும் ஊழியர்களுக்கே என்றார். தினசரித் தொகையை எழுதிக் கொடுத்துக் குறைக்கலாம், இதைக் குறைக்க முடியாது என்றும் சொன்னார். அவரோடு வாதாடுவதில் பொருளில்லை. வீட்டைவிட்டு மாதக்கணக்கில் கடலில் வேலை செய்கிற பெண் அவர். விலையை வைத்தவர் அவரில்லை.

நம் ஊர் உணவகத்திலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் போடுகிறார்கள். ஆனால் சண்டை போட இடமிருக்கிறது. விலையைக் காட்சிக்கு வைக்காத கடைமேல் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்யலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். முகமது இத்ரீஸ் நீண்டகாலம் தலைமை வகித்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் விலைச்சீட்டைப் பார்த்து வாங்கு, எடையைப் பார்த்து வாங்கு என்று தமிழிலேயே சொல்லிக்கொடுத்த ஊர் இது. நான் பள்ளியில் படித்த காலத்தில் அவர்களுடைய சுவரொட்டிகளைப் பார்த்துத்தான் பில் படிக்கப் பழகினேன். பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ பறக்கும் கப்பலுக்கு நடுக்கடலில் நம் அமைச்சின் அதிகாரி வரமாட்டார்.

அண்ணியின் குடும்பம் டிசம்பரில் இதே போன்ற பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறது. பில்லைப் படமெடுத்து அவருக்கு அனுப்பி, கீழே எழுதினேன்: பிள்ளைகளின் அட்டையில் காசு கொடுக்கும் வசதியை ஏறிய அன்றே நிறுத்திவிடுங்கள், ஐஸ்கிரீமுக்கு இடப்பக்கம் போங்கள், வலப்பக்கம் போகாதீர்கள், சைவச் சாப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள், தலைக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் இடத்துக்குச் சைவம் சாப்பிடுகிறவரை அழைத்துப் போகாதீர்கள், ஊறுகாய் வேண்டுமென்றால் கடையில் முத்திரையோடு வாங்குங்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டு அண்ணி ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார், தயிர் கிடைக்குமா என்று. கிடைக்கும் அண்ணி, அது உட்பட என்று பதில் போட்டேன்.