கருமுட்டை கொடுக்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியவை

ஒரு குழந்தைக்குப் பின்னால் மூன்று பெண்கள் இருக்கலாம்: வளர்க்கப்போகிறவர், வயிற்றில் சுமக்கிறவர், கருமுட்டை கொடுத்தவர். வாடகைத்தாயைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கருமுட்டை கொடுத்தவரோ முட்டை எடுத்த அன்று மாலையே பஸ் ஏறிப் போய்விடுகிறார், அப்புறம் அவரை யாரும் விசாரிப்பதில்லை. இந்தப் பதிவு அவருக்காக.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கருமுட்டை கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, பணத்துக்கு விற்கவும் கூடாது. வளர்க்கப்போகிறவரின் முட்டை பயன்படாதபோது, வாடகைத்தாயும் தன் சொந்த முட்டையைத் தரக் கூடாது என்பதால்தான் இந்த மூன்றாவது பெண் தேவைப்படுகிறார். வாடகைத்தாய் முறையில் இப்படி வேறொரு பெண்ணின் முட்டையைப் பயன்படுத்த 2023இல் தடை வந்தது. 2024 பிப்ரவரியில், மருத்துவக் காரணம் இருப்பதாக மாவட்ட மருத்துவக் குழு சான்று தந்தால் குழந்தை வேண்டும் தம்பதிக்கு அனுமதி என்று மாற்றினார்கள். அப்போதும் விந்தணு கணவருடையதாகவே இருக்க வேண்டும்.

மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு சுமார் பத்து நாள் தினமும் ஹார்மோன் ஊசி, பெரும்பாலும் 150 முதல் 225 யூனிட். சினைப்பைக்குள் முட்டை வளரும் குட்டிப் பைகள் 18 மி.மீ. அளவுக்கு வளர்ந்ததும், முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி. அது போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து முட்டையை உறிஞ்சி எடுப்பார்கள்.

ஆபத்து இந்த ஊசிகளில்தான். சட்டம் ஏழு என்றாலும், இளம் வயதில் டோஸ் கூடிவிட்டால் இருபது முட்டைகூட வளரும். சினைப்பை வீங்கும், ரத்தநாளங்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். கடைசி ஊசியாக ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைப் போட்டால் இந்த ஆபத்து அதிகம், லூப்ரோலைடு என்ற மருந்தைப் போட்டால் வெகுவாகக் குறையும். எதைப் போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறினால், பாவாடை நாடா இறுகினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், வாயுத்தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒரு பக்கம் திடீரென்று சுருக்கென வலித்து வாந்தி வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அது இன்னும் அவசரம். அடுத்த மாதவிலக்கு வரும்வரை தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், தாம்பத்தியமும் வேண்டாம். எடுக்காமல் விட்ட முட்டை ஒன்று கருவானால் வீக்கம் மோசமாகும்.

உங்கள் பெயரில் 12 மாதக் காப்பீட்டைத் தம்பதிதான் எடுத்துத் தர வேண்டும் (வாடகைத்தாய்க்கு 36 மாதம்). முதல் ஊசிக்கு முன்பே பாலிசி நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், அதிலும் ஒரு நகல் வேண்டும். எத்தனை முட்டை எடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைப் பலமுறை விற்றது வெளியே வந்தது. ஆதாரில் வயதைத் திருத்தித்தான் அதைச் செய்திருந்தார்கள். புரோக்கர் யாராவது “வேறு ஆதார் தருகிறேன், மறுபடி கொடுக்கலாம்” என்றால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். அந்தப் பெயரில் எடுத்த காப்பீடு உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது.